சீழ்த்துணியிற் கிடைத்த உயிரின் ஏடு: பாசல் அறிஞர் பிரீட்றிக் மீஷரின் வாழ்வு

சுவிற்சர்லாந்தில் வாழும் எமது குடும்பங்களில், பிள்ளைகள் உள்ள வீடுகளில், வதிவிட அனுமதி அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வைக்கப்பட்டிருக்கும் அதே கோப்பினுள் ஒரு சிறு கைநூலும் பத்திரமாக இருக்கும். அது பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேடு. சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து, இளம்பிள்ளை வாதம் என அதிலே குறிக்கப்பட்டிருக்கும் நோய்களின் பெயர்களை நாம் அறிவோம். ஆயினும் இந்நான்கு நோய்களையும் விளைவிக்கும் கிருமிகள் ஒரே பெருவகையைச் சேர்ந்தவை என்பதை எம்மிற் பலர் அறிந்திருக்கமாட்டோம். இவை யாவும் ஆர்.என்.ஏ. வைரசுகள். தம்மைப் பெருக்கிக் கொள்வதற்கான கட்டளைகள் அனைத்தையும் ஆர்.என்.ஏ. என்னும் நியூக்கிளிக் அமிலத்தில் எழுதி வைத்திருக்கும் கிருமிகள் இவை.

நியூக்கிளிக் அமிலம் என்னும் பொருளை உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுத்துக் கண்டவர், எமது மக்கள் பலர் வாழும் பாசல் நகரத்தின் மைந்தர். அவர் பெயர் பிரீட்றிக் மீஷர். 1895ஆம் ஆண்டில், தமது 51ஆவது வயதில், அவர் உயிர் நீத்தபோது தாம் கண்டெடுத்த பொருளின் முழுப் பெறுமதியை அவரும் அறிந்திருக்கவில்லை. அவரைச் சூழ்ந்திருந்த உலகமும் அறிந்திருக்கவில்லை. அந்த மனிதரின் வாழ்வையும், அவர் தொடக்கிவைத்த அறிவு நோயைத் தரும் கிருமியையே மருந்தாக மாற்றும் நிலைக்கு வளர்ந்த வரலாற்றையும் வாசகர்களுக்கு இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

செவிப்புலன் குன்றிய மாணவர்

பிரீட்றிக் மீஷர் 1844ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் பாசலில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், பாசல் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்றியல் கற்பித்த பேராசிரியர். தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ் உடற்கூற்றியலில் ஐரோப்பியப் புகழ் பெற்றவர். மருமகனுக்கு வாழ்நாள் முழுவதும் வழிகாட்டியாகவும், மனம் திறந்து கடிதம் எழுதத்தக்க ஒரே உறவாகவும் விளங்கியவர் இந்த மாமனே.

கல்வியிற் சிறந்த குடும்பத்திற் பிறந்தபோதிலும் இளைஞர் மீஷரின் பாதை இலகுவாக இருக்கவில்லை. இயல்பிலேயே கூச்சமும் மௌனமும் மிக்கவர். மாணவப் பருவத்தில் கடுங்காய்ச்சலொன்று அவரைப் படுக்கையில் வீழ்த்திப் படிப்பையும் இடைநிறுத்தியது. செவிப்புலனும் குன்றியிருந்தது. 1868ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றபோது, நோயாளியின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்கவேண்டிய தொழிலுக்குத் தமது காது இடங்கொடாது என்பதை அவர் உணர்ந்தார். பேசுவது புரியாத இடத்தில் ஒருவர் எவ்வளவு தனித்துப் போவார் என்பதைப் புதிய மொழிகளின் நடுவே வந்திறங்கிய எமக்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

அவ்வேளையில் மாமன் ஹிஸ் வழியொன்று காட்டினார். உடலின் இழையங்கள் எவ்வாறு உருவாகின்றன என்னும் வினாவின் இறுதி விடை இரசாயனவியலிலேயே கிடைக்கும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். காது கேளாதவனுக்கும் ஆய்வுகூடத்தில் இடமுண்டு என்று கண்ட மீஷர் அவ்வாண்டே ஜேர்மனியின் ரியூபிங்கன் நகருக்குப் புறப்பட்டார்.

கோட்டைச் சமையலறையில் ஓர் ஆய்வு

ரியூபிங்கனில், நெக்கார் நதியை நோக்கி உயர்ந்து நிற்கும் பழைய கோட்டையொன்று உண்டு. அங்குதான் உயிர் இரசாயனவியலின் முன்னோடியான பேராசிரியர் ஹொப்பே சைலரின் ஆய்வுகூடம் அமைந்திருந்தது. மீஷருக்குக் கிடைத்த இடம் கோட்டையின் முன்னைய சமையலறை. தடித்த சுவர்களும் ஆழமான சாளரங்களும் கொண்ட இருண்ட மண்டபம் அது. உணவகங்களின் பின்கட்டிலே உழைத்து இந்நாட்டில் வாழ்வைத் தொடங்கிய எம்மவர் பலருக்கு, அறிவியலின் பெருங்கண்டுபிடிப்புகளுள் ஒன்று சமையலறையொன்றிலே நிகழ்ந்தது என்னும் செய்தி மகிழ்ச்சி தரக்கூடும்.

மீஷர் அறிய விரும்பியது, குருதியின் வெண்கலங்கள் எப்பொருட்களால் ஆனவை என்பதையே. அக்கலங்களைப் பெருந்தொகையாகப் பெற அவர் தேர்ந்த வழி வியப்புக்குரியது. அண்மையிலிருந்த அறுவைச் சிகிச்சை மருத்துவமனையில் நோயாளரின் காயங்களிலிருந்து அவிழ்த்தெறியப்பட்ட துணிகளை நாள்தோறும் பெற்றுக்கொண்டார். அத்துணிகளில் ஊறிய சீழ் என்பது பெரும்பாலும் வெண்கலங்களே. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எரிக்கக் கொடுத்ததை அவர் சோடியஞ் சல்பேற்றுக் கரைசலிற் பக்குவமாக அலசி, கலங்கள் சிதையாதவாறு பிரித்தெடுத்தார்.

அவ்வாறு பெற்ற கலங்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத பொருளொன்று வெளிப்பட்டது. அமிலம் சேர்த்தால் வீழ்படிவாக இறங்கியது. காரம் சேர்த்தால் மீண்டும் கரைந்தது. அது கலத்தின் நடுவேயுள்ள கருவிலிருந்து வருவதாக இருக்கவேண்டும் என்று மீஷர் ஊகித்தார். அக்காலத்தில் கருவை மட்டும் தனியே பிரிக்கும் முறையை எவரும் கண்டிருக்கவில்லை. அவர் பன்றியின் இரைப்பையை ஐதரோக்குளோரிக் அமிலத்தால் கழுவி, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்னும் நொதியத்தைத் தாமே தயாரித்தார். அதைக் கொண்டு கலத்தின் புரதங்களைக் கரைத்தகற்றியபோது கருக்கள் மாத்திரம் எஞ்சிப் பாத்திரத்தின் அடியிற் படிந்தன.

அக்கருக்களிலிருந்து கிடைத்த பொருள் புரதம் போல் நடந்துகொள்ளவில்லை. புரதங்களில் இருக்கும் கந்தகம் அதில் இல்லை. பொசுபரசு மிகுதியாக இருந்தது. 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 24 வயது நிரம்பிய அந்த இளைஞர் புதியதொரு பொருளைக் கண்டுவிட்டதை உணர்ந்து மாமனுக்குக் கடிதம் எழுதினார். கருவிலிருந்து பெறப்பட்டமையால் அதற்கு நியூக்கிளீன் எனப் பெயரிட்டார். பின்னாளில், 1889இல், றிச்சாட் அல்ற்மன் என்னும் ஜேர்மனியர் அதற்கு நியூக்கிளிக் அமிலம் என்ற பெயரைச் சூட்டினார்.

பேராசிரியர் ஹொப்பே சைலரோ அவசரப்படுபவர் அல்லர். மாணவர் கூறுவது உண்மைதானா என்று தாமே பரிசோதனைகளை மீளச் செய்து பார்த்து, ஐயம் தீர்ந்த பின்னரே கட்டுரையை வெளியிட இசைந்தார். இடையிற் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போரும் மூண்டது. ஆகவே 1869இல் முடிந்த ஆய்வு 1871இலேயே அச்சேறியது. அந்த இரண்டாண்டுக் காத்திருப்பு மீஷருக்குப் பெருஞ்சோதனையாக இருந்தபோதிலும், ஆசிரியரின் நிதானத்தை இன்று எவரும் குறைகூறார். பிறரொருவர் செய்து பார்த்தாலும் அதே முடிவு வரவேண்டும் என்பதே விஞ்ஞானத்தின் நாணயம்.

றைன் நதியின் சல்மன் மீன்கள்

பாசலுக்குத் திரும்பிய மீஷர் 1872ஆம் ஆண்டில், 28ஆவது வயதில், உடற்றொழிலியற் பேராசிரியரானார். பதவி உயர்ந்தபோதிலும் ஆய்வுக்கான வசதிகள் குறைந்தே காணப்பட்டன. ஆனால் பாசலிடம் ரியூபிங்கனில் இல்லாத செல்வமொன்று இருந்தது. அதுவே றைன் நதி.

இங்குள்ள சமையலறைகளில் லக்ஸ் என்று நாம் கேட்டுப் பழகிய சல்மன் மீன், நன்னீரிற் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, இனம்பெருக்கும் காலத்தில் தான் பிறந்த ஆற்றைத் தேடி எதிர்நீச்சலடித்து வரும் இயல்புடையது. அந்நாளில் வடகடலிலிருந்து பாசல் வரைக்கும் அவை கூட்டங்கூட்டமாக வந்தன. வழியில் உணவு கொள்ளாமல், தம் தசையையே கரைத்து இனவிருத்தி உறுப்புகளை அவை வளர்ப்பதை மீஷர் விரிவாக ஆராய்ந்தார். அவருக்கு மேலும் முக்கியமாகப்பட்டது அம்மீனின் விந்து. விந்துக்கலத்தின் தலைப்பகுதி முழுவதும் ஏறக்குறையக் கருவே. ஆகையால் நியூக்கிளீனைத் தூய நிலையிற் பெற அதனினும் சிறந்த மூலம் இல்லை.

சூடேறினால் பொருள் சிதைந்துவிடும் என்பதால் குளிர்காலத்தின் அதிகாலை வேளைகளில், சாளரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வெப்பமூட்டாத அறையில் மணிக்கணக்காக அவர் உழைத்தார். மார்கழி மாதத்துப் பாசற் குளிரை அறிந்தவர்கள் அந்த உழைப்பின் கடுமையை உணர்வர். 1874இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, நியூக்கிளீன் பல உயிரினங்களின் விந்திலும் இருப்பதைக் காட்டியது. அதனுடன் பிணைந்திருந்த வேறொரு காரப்பொருளையும் கண்டு அதற்குப் புரோட்டமீன் எனப் பெயரிட்டார்.

கருவுறுதலுக்குக் காரணமான பொருள் ஒன்று உண்டெனில் அது நியூக்கிளீனாகவே இருக்கலாம் என்று அவர் எண்ணியதுண்டு. ஆயினும் ஒரே பொருள் இத்துணை வேறுபட்ட உயிர்களை எவ்வாறு ஆக்கும் என்னும் ஐயம் அவரைப் பின்வாங்கச் செய்தது. இறுதிக்காலத்திற் கடிதமொன்றில், பெரிய மூலக்கூறொன்றின் பகுதிகள் மாறிமாறி அமைவதன் மூலம், சில எழுத்துக்களால் ஒரு மொழியின் சொற்கள் அனைத்தும் உருவாவது போலப் பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கலாம் என்று அவர் சிந்தித்தார். சிந்தனை முற்றிலும் சரி. ஆனால் அந்த எழுத்துக்களை அவர் புரதத்தில் தேடினார். அவை இருந்ததோ அவர் கையிலிருந்த நியூக்கிளீனில்.

பேராசிரியராக அவருக்குச் சுமைகள் பல. சிறைக்கைதிகளுக்கு எத்தகைய உணவு வழங்கவேண்டும் என்பது பற்றி அரசினர் கேட்க, அதற்கும் அறிக்கை எழுதினார். மூச்சின் வேகத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவே என்பதைக் கண்டார். 1885இல் பாசலில் வெசாலியானும் என்னும் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் நிறுவனம் திறக்கப்பட்டதும் அவருடைய முயற்சியாலேயே. ஓய்வறியாத உழைப்பு உடலை அரித்தது. சயரோகம் பற்றிக்கொண்டது. மலைக்காற்றை நாடி டாவோசுக்குச் சென்றவர் மீண்டு வரவில்லை. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் அங்கேயே காலமானார். மருமகனின் ஆய்வுகளைத் தொகுத்து 1897இல் நூலாக வெளியிட்டுக் கடமையை நிறைவேற்றியவர் மாமன் ஹிஸ்.

அவருக்குப் பின்

மீஷர் பெரும்பாலும் கையாண்டது இன்று டி.என்.ஏ. என அழைக்கப்படும் வகையை. அதன் உடன்பிறப்பான ஆர்.என்.ஏ. வேறொரு சர்க்கரையைக் கொண்டது என்பதை 1909இல் மதுவத்தின் நியூக்கிளிக் அமிலத்திலிருந்து காட்டியவர் பீபஸ் லெவீன். அவர் ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கெதிராக நிகழ்ந்த கொடுமைகளின் காரணமாக 1891இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர்.

1956ஆம் ஆண்டில் வரலாறு மீண்டும் ரியூபிங்கனுக்கே திரும்பியது. அங்கு கீரர், ஷ்ராம் என்னும் இருவர் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரசிலிருந்து புரதத்தை முற்றாக அகற்றி, ஆர்.என்.ஏ.யை மட்டும் இலையில் தடவினர். இலை நோயுற்றது, புதிய வைரசுகள் பெருகின. அதே காலத்தில் அமெரிக்காவின் பேர்க்லியில் இதே உண்மையைக் கண்ட பிரெங்கெல் கொன்றற், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். ஒரு கிருமியின் முழு ஏடும் ஆர்.என்.ஏ.யில் மட்டும் எழுதப்பட்டிருக்கமுடியும் என்பது அன்று ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று.

கிருமி தன்னைப் பிரதி செய்யும் விதம்

இவ்விடத்தில் ஆர்.என்.ஏ. வைரசு எவ்வாறு பெருகுகிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். வைரசு தானாக உண்பதுமில்லை, வளர்வதுமில்லை. புரத உறைக்குள் மடித்து வைத்த ஒரு கட்டளை ஓலையே அது. எமது உடற்கலத்தினுள் நுழைந்த பின்னரே அவ்வோலை வாசிக்கப்படுகிறது.

இளம்பிள்ளை வாத வைரசை எடுத்துக்கொள்வோம். அதன் ஓலை ஏறத்தாழ 7,500 எழுத்துக்கள் நீளமானது. எமது கலத்தில் புரதம் தயாரிக்கும் பொறிகள் அதனைத் தமது சொந்தக் கட்டளையென எண்ணி நேரடியாகவே வாசித்து, வைரசுக்கு வேண்டிய புரதங்களை ஆக்கிக் கொடுக்கின்றன. அவற்றுள் ஒன்று பிரதி செய்யும் நொதியம். எமது கலங்கள் டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதவல்லவை, வைரசின் நீண்ட ஆர்.என்.ஏ.யைப் பார்த்து இன்னொரு ஆர்.என்.ஏ. எழுதும் எழுத்தர் அவற்றிடம் இல்லை. ஆகவே அந்த எழுத்தரை வைரசே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அவர் முதலில் மூல இழைக்கு எதிரிழையொன்றை ஆக்குகிறார். நிழற்படத்தின் நெகற்றிவ் போன்றது அது. பின்னர் அந்த ஒரு நெகற்றிவைக் கொண்டு எண்ணற்ற படங்கள் அச்சிடப்படுகின்றன. அவை புதிய உறைகளுக்குட் புகுந்து, கலத்தை உடைத்து வெளியேறி, அடுத்த கலங்களைத் தேடுகின்றன.

சின்னமுத்து, இன்புளுவென்சா, விசர்நாய்க்கடி, எபோலா ஆகியவற்றின் வைரசுகள் வேறொரு வகை. அவை நெகற்றிவையே சுமந்து வருகின்றன. அதை எமது கலம் வாசிக்கமாட்டாது என்பதால், எழுத்தரையும் உறைக்குள்ளேயே உடன் அழைத்து வருகின்றன. எயிட்ஸ் நோயின் வைரசோ மூன்றாவது வகை. அது தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகத் திருப்பி எழுதி, எமது கலத்தின் சொந்த ஏட்டினுள்ளேயே செருகிவிடுகிறது. அவ்வாறு திருப்பி எழுதும் நொதியத்தை 1970இல் ரெமின், பால்ரிமோர் என்னும் இரு அமெரிக்கர்கள் தனித்தனியே கண்டறிந்தனர்.

பழைய ஓலைச்சுவடிகளைப் பிரதி செய்தவர்களின் கைப்பிழையால் பாடபேதங்கள் மலிந்ததும், எமது சி.வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பல சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்தமான பாடத்தைத் தேடியதும் வாசகர்கள் அறிந்ததே. வைரசின் எழுத்தரும் அத்தகைய அவசரக்காரர். டி.என்.ஏ. எழுதப்படும்போது பிழை பார்க்கும் ஏற்பாடு உண்டு, பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரசுகளுக்கு அது இல்லை. சுமார் 30,000 எழுத்துக்கள் கொண்ட கொரோனா வைரசு பிழை திருத்தும் நொதியத்தையும் வைத்திருப்பது ஒரு விதிவிலக்கு. இப்பிழைகளுட் பல வைரசுக்கே கேடாக முடிகின்றன. சில மட்டும் அதற்குப் புதிய வேடத்தை அளிக்கின்றன. இன்புளுவென்சாவுக்கு ஆண்டுதோறும் புதிய தடுப்பூசி வேண்டியிருப்பது இதனாலேயே.

எதிரியின் ஏடு மருந்தான கதை

எழுத்தரின் தொழில்முறை தெரிந்தபின் அவரைத் தடுக்கவும் முடிந்தது, வேலைக்கமர்த்தவும் முடிந்தது. தடுப்பதற்கு ஓர் உதாரணம் ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் சி. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோபோஸ்புவிர் என்னும் மருந்து, பொய்யெழுத்தாக நுழைந்து வைரசின் எழுத்தரை இடைநடுவில் நிறுத்திவிடுகிறது. நெடுங்காலம் நீடித்து உயிர் குடித்த நோய், பிற மருந்துகளோடு சேர்த்துச் சில மாதங்கள் மாத்திரை உட்கொள்வதால் பெரும்பாலானோரிற் குணமாகும் நிலை வந்தது.

வேலைக்கமர்த்தும் முயற்சியில் சுவிற்சர்லாந்தின் பங்கு பெரிது. புடாபெஸ்ட் நகரிற் பிறந்த சார்ள்ஸ் வைஸ்மன் சூரிச் பல்கலைக்கழகத்தில், பற்றீரியாவைத் தாக்கும் கியூபீற்றா என்னும் எளிய ஆர்.என்.ஏ. வைரசின் பெருக்கத்தை ஆராய்ந்தார். 1978இல் அவருடைய குழுவினர் அந்த வைரசின் ஏட்டை டி.என்.ஏ.யாகப் படியெடுத்து, அப்படியிலிருந்து உயிர்ப்புள்ள வைரசை மீண்டும் பெற்றனர். விரும்பிய எழுத்தை மாற்றிய பின் வைரசை ஆக்கிப் பார்க்கும் கலை இவ்வாறு பிறந்தது. நெகற்றிவைச் சுமக்கும் சின்னமுத்து வைரசையும் இவ்வாறு படியிலிருந்து பெறும் அருஞ்செயல் 1995இல் அதே சூரிச்சில் நிறைவேறியது. வைரசு தாக்கிய கலங்கள் அயற்கலங்களை எச்சரிக்கச் சுரக்கும் இன்ரபெரோனை 1957இல் இலண்டனில் ஐசக்சோடு சேர்ந்து கண்டவர் ஜீன் லின்டன்மன். அவரும் பின்னர் சூரிச்சிற் பேராசிரியராக விளங்கியவரே.

நலிவாக்கப்பட்ட வைரசே தடுப்பு மருந்தாவது பழைய முறை. சின்னமுத்துத் தடுப்பூசியும், ஊரிலே பிள்ளைகளின் நாவிற் சொட்டாக இட்ட இளம்பிள்ளை வாத மருந்தும் அத்தகையவை. 1995 முதல் அந்தச் சொட்டு மருந்தை நாடெங்கும் வழங்கும் நாட்களுக்காக இலங்கையில் போரிட்ட இரு தரப்பினரும் துப்பாக்கிகளை ஓயவைத்தனர் என்பதை எம்மிற் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேறெதற்கும் இணங்காதவர்கள் குழந்தைகளின் கால்களுக்காக ஒரு நாளேனும் இணங்கினார்கள்.

புதிய முறையில், தீங்கற்றதாக்கிய ஒரு வைரசு இன்னொரு கிருமியின் அடையாளத்தைச் சுமந்து செல்லும் தூதனாகிறது. மேற்காபிரிக்காவை எபோலா வாட்டிய காலத்தில், கால்நடைகளைத் தாக்கும் ஓர் ஆர்.என்.ஏ. வைரசின் மேல் எபோலாவின் ஒரேயொரு புரதத்தை ஏற்றிய தடுப்பூசி, 2014ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தொண்டர்களிடம் பரிசோதிக்கப்பட்டது. சிலருக்கு மூட்டுவலி தோன்றியபோது பரிசோதனை இடைநிறுத்தப்பட்டு, ஆராயப்பட்டு, பின் தொடரப்பட்டது. 2015இல் கினியில் அது மக்களைக் காத்தது. 2019இல் ஐரோப்பிய அனுமதியும் பெற்றது.

எயிட்ஸ் வைரசும் இவ்வாறு பணியிலமர்த்தப்பட்டது. நோய் தரும் பகுதிகள் நீக்கப்பட்டு, ஏட்டினுட் செருகும் திறமை மட்டும் எஞ்சவிடப்பட்ட அதன் உருவம், நோயாளியின் சொந்த வெண்கலங்களுக்குப் புற்றுநோயை இனங்காணும் கட்டளையைக் கொண்டு செல்கிறது. வேறு சிகிச்சைகள் கைவிட்ட குருதிப் புற்றுநோய்ச் சிறுவர்களுக்காக இவ்வகையில் முதலாவதாக 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை, பாசலைத் தலைமையகமாகக் கொண்ட நோவார்ட்டிஸ் நிறுவனத்தினுடையது. வெண்கலத்தின் கருவை மீஷர் ஆராயத் தொடங்கி அப்போது ஏறத்தாழ 150 ஆண்டுகள் கடந்திருந்தன.

கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் வைரசு முழுவதையும் விடுத்து, அதன் ஒரு புரதத்திற்குரிய ஆர்.என்.ஏ. கட்டளை மட்டும் கொழுப்புத் துளியிற் பொதிந்து தடுப்பூசியாக்கப்பட்டது. அதற்கு அடிகோலிய கற்றலின் கரிக்கோ 1985இல் ஹங்கேரியை விட்டு அமெரிக்கா சென்றவர்; 2023இல் நோபல் பரிசு பெற்றவர். மொடேர்னா தடுப்பூசிக்கான ஆர்.என்.ஏ. வலே மாநிலத்தின் விஸ்ப் நகரிலும் தயாரிக்கப்பட்டது. அத்தகைய கட்டளை எமது டி.என்.ஏ.யுட் செருகப்படுவதில்லை, வாசிக்கப்பட்டுச் சில நாட்களிற் சிதைந்துவிடும். 2023 நவம்பரில் யப்பான் அனுமதித்த தடுப்பூசியொன்று இன்னும் ஒரு படி சென்றது. வைரசிடமிருந்து கடன் வாங்கிய எழுத்தரையும் அது உடன் அனுப்புகிறது. எனவே சிறிதளவு ஆர்.என்.ஏ. கலத்தினுள்ளே தானே பல படிகளாகிறது.

மீஷர் பெயரிட்ட புரோட்டமீனும் வீண்போகவில்லை. குருதி உறையாதிருக்க அறுவைச் சிகிச்சையில் ஏற்றும் ஹெப்பரினின் செயலை முறிக்க மருத்துவர்கள் கையாள்வது அதையே. எமது முதியவர்கள் பலர் ஏற்றிக்கொண்ட, மெதுவாகச் செயற்படும் என்.பி.எச். இன்சுலினிலும் அது உண்டு. 2000ஆம் ஆண்டில் ரியூபிங்கனிற் தொடங்கப்பட்ட கியூர்வாக் நிறுவனம் தனது ஆரம்ப ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் ஆர்.என்.ஏ.யைப் பொதிந்து காக்கத் துணைக்கொண்டதும் அதனையே. சல்மன் மீனில் அவர் சேர்ந்தே கண்ட இரு பொருட்களின் குடும்பங்கள் அவருடைய இளமைக்கால நகரிலேயே மீண்டும் சேர்ந்தன.

நாம் நினைவுகூர்வது

பாசலில் 1970இல் நிறுவப்பட்ட ஆய்வு நிறுவனமொன்று மீஷரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரியூபிங்கன் கோட்டையின் பழைய சமையலறை அருங்காட்சியிடமாக்கப்பட்டு, சல்மன் விந்திலிருந்து பெற்ற நியூக்கிளீன் எனக் குறிக்கப்பட்ட சிறு கண்ணாடிக் குப்பியொன்றும் அங்கே பேணப்படுகிறது. ஆயினும் டி.என்.ஏ. என்ற சொல்லை அறிந்த கோடிக்கணக்கானோருள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. பனை நட்டவன் அதன் பழத்தை உண்பது அரிது என்பதை எமது மண்ணின் மக்கள் நன்கறிவர்.

அவருடைய வாழ்விலிருந்து எமக்கு உடனடியாக வேண்டியதொன்றும் உண்டு. இந்நாட்டில் சின்னமுத்துத் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. முடிவு பெற்றோரிடம் விடப்பட்டிருக்கிறது. மருத்துவர் கூறும் மொழி முழுதும் விளங்காதபோது அச்சம் எழுவது இயல்பு. அவ்வேளையில் வாளாவிராமல், மொழியறிந்த பிள்ளையையோ உறவினரையோ உடன் அழைத்துச் சென்று கேட்டறிவதே முறை. பிள்ளையின் தோளில் ஏறும் அந்தச் சில துளிகளின் பின்னே, காது கேளாத ஒரு மனிதர் குளிரில் நடுங்கியபடி தொடக்கிவைத்த, அகதிகள் பலர் கைமாற்றித் தந்த, ஒவ்வொரு படியிலும் மீளச் சோதிக்கப்பட்ட அறிவு இருக்கிறது. அடுத்தமுறை அந்தச் சிறு கைநூலை விரிக்கும்போது, பாசல் நகரின் அந்த மௌன மனிதரை நாம் நன்றியுடன் நினைவிற் கொள்வோமாக.